கேன்ல இருந்தது கூழுதானுங்க

ஏறுங்க சார், ஏறுங்க. அந்தக் கம்பியைப் புடிச்சு, வலது காலை மேல... ஆங், அவ்வளவுதான். கதவை நல்லா இழுத்து அறைங்க. மெதுவாச் சாத்துனா அதுக்கு ஏறாது. பஸ்ஸு படுத்துக்கிச்சா? வரும்போதே பாத்தேன், டிரைவரு ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நின்னாரு. அது இன்னைக்கு எந்திரிக்காதுங்க. சேலம்தானே? நானே எறக்கி விட்டர்றேன். நம்ம வண்டி சங்ககிரி போகுது.

எம்பேரு செங்கோடனுங்க. இந்த ஸ்டேரிங்கைப் புடிச்சே தலை நரைச்சுப் போச்சு. நீங்க ஒக்காந்திருக்கற சீட்டு காலியாவே இருக்காது. எம் மச்சினன் நல்லியண்ணன் ஒக்காந்திருப்பான். சம்சாரத்தோட தம்பி. அவனும் டிரைவர்தான், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். இன்னைக்கு அவன் சொந்தத்துல ஒரு காதுகுத்துன்னு போயிட்டான். அதனாலதான் உங்களை ஏத்துனேன். பேச்சுத் தொணை இல்லைன்னா எனக்கு வண்டி ஓடாதுங்க.

உங்களுக்குச் சுகர் இருக்குதுங்களா? இல்லியா? பாத்தீங்களா? பாக்காமயே எப்படி இல்லைங்கறீங்க? நானும் உங்களை மாதிரித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

டிரைவருகளுக்குக் கண்ணு பாக்கற முகாம் ஒண்ணு போட்டாங்க. கண்ணு பாக்கத்தான் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குது, எதுக்கும் ரத்தத்தையும் பாப்போம்னு ஒரு டாக்டரம்மா வெரல்ல குத்துனாங்க. குத்திட்டு மிஷினைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுக்கா மிஷினைப் பாத்தாங்க. "இவ்வளவு சுகரை வெச்சுக்கிட்டு எப்படி நடந்து வந்தீங்க?"ன்னு கேட்டாங்க. நடந்து வரலீங்க, லாரியில வந்தேன்னேன்.

பரோட்டாவை விடுங்க, அரிசியைக் கொறைங்க, காய்கறி தின்னுங்க, இந்த மாத்திரையைத் தெனமும் போடுங்கன்னாங்க. நான் ஒண்ணைப் புடிச்சா அரைகுறையாப் புடிக்க மாட்டேனுங்க. மாத்திரைச் சீட்டை மட்டும் மடிச்சு சட்டைப் பையில போட்டுட்டு, மத்ததையெல்லாம் முழுசாப் புடிச்சுக்கிட்டேன். மாத்திரை எதுக்குங்க? செல்போன்ல ஒருத்தர் பேசறாரு பாருங்க, தாடி வெச்சுக்கிட்டு, மரத்தடியில சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிட்டு. கம்பு, சாமை, வரகு, குதிரைவாலின்னு அவரு அடுக்கறதைக் கேட்டாலே பாதி வியாதி எறங்கிரும்.

மொதல்ல ஊட்லதான் ஆரம்பிச்சேன். சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணுனேன். எண்ணெய்க் கேனைப் பக்கத்து ஊட்டுக்குத் தூக்கிக் கொடுத்தேன். மிக்சியைக் கட்டிப் பரண்ல போட்டுட்டு, இனிமே அம்மியில அரைச்சாத்தான் சத்துன்னு சொன்னேன். சொன்னது நானு. அரைச்சது பாவாயி. பாவாயி எம் பொண்டாட்டிங்க. அவளுக்கு இந்த விசயத்துல வெவரம் பத்தாது. "ஏனுங்க, எங்கப்பாரு வருசம் பூராக் களி தின்னு வெறுத்துப் போயி, எம் மவளாச்சும் நெல்லுச்சோறு திங்கட்டும்னுதான் லாரிக்காரனைப் பாத்துக் கட்டிக் கொடுத்தாரு. நீங்க என்னைத் திரும்ப அங்கயே கூட்டிக்கிட்டுப் போறீங்களே"ன்னா. காதுலயே வாங்கலை.

வரகுப் பொங்கல், கொள்ளுத் தொவையல், காலைல வெறும் வயித்துல பாகற்காச் சாறு. ரெண்டு நாள் போயிருக்குமுங்க. பாவாயி வந்து, "அடுத்த லோடு எப்பங்க வரும்?"ன்னு கேட்டா. கல்யாணம் ஆனதுலருந்து அந்தக் கேள்வி அவ வாயில வந்ததே இல்லை. 'எப்பத் திரும்பி வருவீங்க'ன்னுதான் எப்பவும் கேப்பா. எம் பொழப்பு மேல எவ்வளவு அக்கறை வந்துருச்சு பாருங்க. நல்ல சாப்பாடு உள்ள போச்சுன்னா மனசே மாறிடுமுங்க.

லோடும் வந்துச்சு. ஜவ்வரிசி மூட்டை. வடக்க கொண்டுபோய் எறக்கணும். எந்த ஸ்டேட்டுன்னு கேக்காதீங்க, இன்னும் அந்த ரோட்டுல நான் ஓட்டியாகணும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க, அங்க சாராயம் கூடாது. ஒரு பாட்டில் ஆப்புட்டாலும் வண்டியையும் புடிச்சுக்குவான், ஆளையும் உள்ள தூக்கிப் போட்டுருவான்.

நாங்க எப்பவும் வண்டியில ஸ்டவ் வெச்சு ஆக்கிக்கறதுதான். இந்தத் தடவை பூராத்தையும் மாத்துனேன். குக்கரைத் தூக்கிப் போட்டுட்டு மண்சட்டி வாங்குனேன். அது மொத வேகத்தடையிலயே ரெண்டாப் போச்சு. அடுத்து, ஊட்டு அம்மியைத் தூக்கிக் கேபின்ல வெச்சேன். பாவாயி ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை, கூட ஒரு கை புடிச்சு ஏத்தி விட்டா. நல்லியண்ணன்தான் மூஞ்சியைச் சுளிச்சான். பிரேக் போடறப்பல்லாம் அம்மி நகந்து வந்து அவன் கால்ல இடிக்குமுங்க. "மாமா, இது அம்மியா எமனா?"ம்பான். கால்ல ரத்த ஓட்டத்துக்கு நல்லதுடா மாப்ளன்னேன்.

முக்கியமான அயிட்டம் கம்மங்கூழு. கம்பை இடிச்சுக் காச்சி, ஒரு வெள்ளைக் கேன்ல ஊத்தி மூடி, சீட்டுக்குப் பின்னால கட்டி வெச்சேன். புளிக்கப் புளிக்கத்தான் அதுக்குச் சக்தி. நம்மூருன்னா ஒரு நாளு, ஒன்றரை நாளு. அந்தப் பக்கம் வெயிலு இருக்குது பாருங்க, கேபினே அடுப்பாட்டம். கேனு உருண்டையா உப்பிக்கிச்சு. வாசம்னா வாசம், கண்ணு தண்ணி விட்டுருமுங்க. அதான் சக்தின்னேன் நானு. நல்லியண்ணன் தலையை வெளிய நீட்டிக்கிட்டே வருவான், காத்து வாங்கறானாம். மூணாம் நாளு "ஸ்டெப்னி டயரு மேல ஒக்காந்து வரட்டுங்களா மாமா?"ன்னு கேட்டான். இயற்கை உணவு உள்ள போனதும் அவனுக்கும் இயற்கை மேல ஆசை வந்துருச்சுங்க.

அவனைப் பத்தி ஒரு கவலையும் எனக்கு இருந்துச்சு. தாபா பக்கத்துல வண்டியை நிறுத்துனா, "டயர்ல காத்துப் பாத்துட்டு வர்றேன் மாமா"ன்னு எறங்குவான். எறங்குனா அரை மணி நேரம் ஆளைக் காணாது. தாபாவுக்குப் பொறத்தால நம்ம வண்டிக்கு ஏதுங்க டயரு? எனக்குப் புரிஞ்சு போச்சு. அடிக்கடி ஒதுங்கறான்னா அது சுகரோட அறிகுறி. பாவம், வெக்கப்பட்டுக்கிட்டு டயருங்கறான். நான் ஒண்ணும் காட்டிக்காம அவன் டம்ளர்ல மட்டும் பாகற்காச் சாறை எச்சா ஊத்துனேன். கூழு ஊத்துனா, "வெளிய காத்தோட்டமாக் குடிக்கறேன் மாமா"ன்னு டம்ளரை எடுத்துக்கிட்டுப் போவான். வரும்போது டம்ளர் சுத்தமாக் காலி. ஏப்பம் விடுவான், மசாலா வாசம் அடிக்கும். கம்புல அப்படியொரு வாசம் இருக்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும்.

நானா? நான் ரொம்பக் கட்டுப்பாடுங்க. கூழைத் தவிர வேற ஒண்ணும் தொடலை. காலைல டீக்கு ரெண்டு பன்னு, சாயங்காலம் டீக்கு நாலு சமோசா. டீக்குத் தின்னது டீக் கணக்குல போயிரும், சாப்பாட்டுக் கணக்குல வராது.

அப்படியே அந்த ஸ்டேட் செக்போஸ்டுக்கு வந்து சேந்தோம். நல்ல உச்சி வெயிலு. ஒரு போலீசுக்காரன் கேபின்ல ஏறுனான். ஏறுனவன் மூக்கைச் சுருக்குனான். கேனைப் பாத்தான். லத்தியால ஒரு தட்டுத் தட்டுனான்.

தட்டலாமுங்களா? அது ஏற்கெனவே உப்பிக்கிட்டு நிக்குது. 'டொப்'புன்னு ஒரு சத்தம். மூடி மேல போயி இடிச்சுக் கீழ வந்துச்சு. நொரை பொங்கி அவன் தொப்பி, சட்டை, மீசை எல்லாம் கூழு. அவன் கீழ குதிச்சு, "தாரு! தாரு!"ன்னு கத்தறான்.

எனக்கு இந்தி வராதுங்க. தாரு ஏத்திக்கிட்டு வந்திருக்கோம்னு நெனைக்கறான்னு நெனச்சேன். "தாரு இல்லீங்க சார், ஜவ்வரிசி. ரோட்டுக்குத் தாரு நாங்க ஏத்தறதில்லை"ன்னு நானும் கத்தறேன். அதுக்குள்ள நாலஞ்சு பேரு ஓடி வந்துட்டாங்க. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, சாவியைப் புடுங்கிக்கிட்டு, எங்களைத் தரையில குத்த வெச்சுட்டாங்க. ஒருத்தன் தார்ப்பாய்க் கயித்தை அவுக்க ஆரம்பிச்சுட்டான்.

"மாமா, அவங்க ஊர்ல தாருன்னா சாராயமுங்க"ன்னான் நல்லியண்ணன், மெதுவா.

சாராயக் கேசுன்னா ஜாமீன் கெடைக்கறதே கஷ்டம்னு கேள்விப்பட்டிருக்கேன். பாவாயி மொகம் கண்ணு முன்னால வந்து போச்சு. எம் புருசன் சுகரைக் கொறைக்கப் போயி ஜெயிலுக்குப் போனான்னு அவ ஊர்ல எப்படிச் சொல்லுவா? கையைக் காட்டி, வாயைக் காட்டி, வயித்தைத் தடவி என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். நான் பண்ணப் பண்ண அவங்களுக்குச் சந்தேகம் ஏறிக்கிட்டே போச்சு. குடிகாரன் ஆட்டம் போடறான்னு நெனச்சிருப்பாங்க.

அப்பத்தான் நல்லியண்ணன் எந்திரிச்சு நின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னானுங்க. "பாஜ்ரா!"

அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க.

"பாஜ்ரா சார், பாஜ்ரா! பாஜ்ரா ரொட்டி, பாஜ்ரா ரொட்டி"ன்னு கேனைக் காட்டறான். பாஜ்ரான்னா அவங்க பேச்சுல கம்பாமுங்க. அவன் பள்ளிக்கூடமே சரியாப் போகாதவன். தாபாவுல கம்பு ரொட்டி போடறவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தை இவனுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை. குலதெய்வம்தான் வாயில வந்து ஒக்காந்திருக்கணும்.

அவங்களோட பெரிய ஆபீசரு வெளிய வந்தாரு. ஆளு நல்ல ஒசரம். கேன்கிட்டப் போயி மோந்து பாத்துட்டுச் சட்டுனு தலையைப் பின்னால இழுத்துக்கிட்டாரு. என்னைப் பாத்து, "பீயோ!"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ரோசம். "சார், என்னை உள்ள போடுங்க, அடிங்க. என் கூழைப் பாத்து அந்த வார்த்தை சொல்லாதீங்க"ன்னேன். அவரு மறுக்காவும், "பீயோ, பீயோ"ங்கறாரு. நான் சட்டையை மடிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டேன். நல்லியண்ணன் என் இடுப்பைக் கட்டிப் புடிச்சு, "மாமா, குடிக்கச் சொல்றாருங்க மாமா! சாராயம் இல்லைன்னா நீங்களே குடிச்சுக் காட்டுங்கன்னு சொல்றாரு!"ன்னான்.

அப்படித் தெளிவாச் சொன்னா என்னங்க? நான் ஒரு சொம்பு மொண்டு மடமடன்னு குடிச்சேன். கொஞ்சம் காரமா எறங்குச்சு, பொய் சொல்லக் கூடாது. குடிச்சுட்டு நேரா நின்னு காட்டுனேன். ஆபீசரு அடுத்த சொம்பை நல்லியண்ணன் கையில கொடுக்கச் சொன்னாரு.

அவன் சொம்பைப் பாத்தான். என்னைப் பாத்தான். "மாமா, நான் வேண்ணா ஜெயிலுக்குப் போயிடறேனுங்களே"ன்னான்.

பாசத்தைப் பாத்தீங்களா சார்? மாமன் மேல கேசு வரக் கூடாதுன்னு தானே போறேங்கறான். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "வேண்டாம்டா மாப்ள, நீ தெனமும் குடிக்கறதுதானே, குடி"ன்னேன். கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் குடிச்சான். குடிச்சு முடிச்சதும் ஒடம்பு ஒரு உலுக்கு உலுக்குச்சு. அப்படியே ரெண்டு சுத்துச் சுத்தி ஒரு போலீசுக்காரன் தோள்மேல சாஞ்சுட்டான். போதை ஏறிருச்சுன்னு நெனச்சு அவங்க கத்த ஆரம்பிச்சுட்டாங்க. எதுக்கு அவன் அன்னைக்குன்னு பாத்துத் தடுமாறுனான்னு தெரியலை. வெயிலா இருக்கும்.

சரி, போச்சுடான்னு நெனச்சேன். ஆபீசரு மட்டும் ஒரு நிமிசம் யோசிச்சாரு. அப்புறம் அவரே ஒரு டம்ளர்ல கொஞ்சமா ஊத்தி வாயில வெச்சாரு.

வெச்சவரு அசையலைங்க. அவரு மொகத்துல ஒண்ணொண்ணா என்னென்னமோ வந்து போச்சு. முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை, சுத்தி அவரு ஆளுங்க நிக்கறாங்க. கடைசியில முழுங்கிட்டாரு. கொஞ்ச நேரம் தூரமா மலையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் எங்கிட்ட வந்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாருங்க! சாவியைக் கொடுத்து, போ, சீக்கிரம் போன்னு சைகை காட்டுனாரு. எங்களுக்குப் பின்னால அத்தனை லாரி நிக்குது, எந்த டிரைவரையாச்சும் கும்பிட்டாரா? நம்ம சாப்பாட்டோட அருமை நம்மளுக்குத்தான் தெரியலை. நல்லியண்ணன்கிட்டக் கேட்டேன், "அவரு என்னடா சொன்னாரு?"ன்னு. "இதைக் குடிச்சுட்டு ஒருத்தன் உசுரோட இருந்தா அவன் பெரிய மனுசன்னு சொல்றாரு மாமா"ன்னான். பெருமையா இருந்துச்சுங்க.

கேனை அங்கயே புடிச்சு வெச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கும் வேணுமில்ல.

லோடு எறக்கி ஊரு திரும்புனோம். பாவாயி எங்க ரெண்டு பேரையும் ஏற எறங்கப் பாத்தா. நல்லியண்ணன் நல்லா உருண்டு திரண்டு வந்திருந்தான். கூழுல தேறியிருக்கான்னேன். அவ நேரா எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா.

எனக்குச் சுகர் எறங்கியிருந்துச்சு சார்! நல்லாவே எறங்கியிருந்துச்சு. டாக்டரு, "மாத்திரையை ஒழுங்காப் போட்டிருக்கீங்க"ன்னாரு. சிரிச்சுட்டேன். எனக்கு எதுக்குங்க மாத்திரை? நல்லியண்ணன் தெனமும் காலைல ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுப்பான், அது பாவாயி கொடுத்து விட்ட சத்து மாத்திரை. அது மட்டும்தான் போட்டேன்னேன். சட்டைப் பையில வெச்ச மருந்துச் சீட்டைக்கூட பாவாயி துவைக்கறப்ப எடுத்துட்டா, நான் தேடவே இல்லைன்னேன். டாக்டரு பாவாயியைப் பாத்தாரு. பாவாயி மேல சுத்தற காத்தாடியைப் பாத்தா. கம்புல இருக்கற மகிமையைப் படிச்சவங்க அவ்வளவு சுலுவா ஒத்துக்க மாட்டாங்க.

அடுத்து நல்லியண்ணனைப் பாத்தாங்க. அவனுக்கு, ஏறிப் போய்க் கெடக்குதுங்க. நான் மொதல்ல இருந்ததைவிட எச்சா.

எப்படிங்க இது? ஒரே வண்டி, ஒரே கேனு, ஒரே கூழு. எனக்கு எறங்குது, அவனுக்கு ஏறுது. அன்னைக்குத்தான் எனக்கு மனசே ஒடைஞ்சு போச்சு. வெளிய பெஞ்சுல ஒக்காந்து அவன் சின்னப் புள்ளையாட்டம் அழுதான். "எம் பொண்ணுக ரெண்டும் இன்னும் பள்ளிக்கூடம் போறதுங்க மாமா"ன்னான். "நான் உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன் மாமா"ன்னான். சுகர் வர்றது துரோகமாடா பைத்தியக்காரான்னு தோளோட அணைச்சுக்கிட்டேன். "இல்லைங்க மாமா, தாபாவுல..."ன்னு ஆரம்பிச்சான். "தெரியும்டா, அடிக்கடி ஒதுங்குன. எனக்கு அப்பவே தெரியும். நான்தான் முன்னயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்திருக்கணும்"ன்னேன். அவன் அழுகையை நிறுத்திட்டு என்னையே பாத்தான். அப்புறம் எங் கையைப் புடிச்சுக்கிட்டான். பாவாயி முந்தானையில மொகத்தை மூடிக்கிட்டா, அவ தோளு குலுங்குது. அழுதாளா சிரிச்சாளா, இப்பவும் கேட்டா சொல்ல மாட்டேங்கறா.

கடைசியா ஒரு தடவை சாப்பிட்டுக்கட்டும்னு எதுத்தாப்புல இருந்த பரோட்டாக் கடைக்கு அவனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். தட்டு வந்துச்சு, சால்னா ஊத்துனான். நல்லியண்ணன் பிச்சுக் கையில எடுத்தவன், திரும்பத் தட்டுலயே வெச்சுட்டான். "வேண்டாமுங்க மாமா"ன்னு தள்ளிட்டான். காசு கொடுத்ததை வீணாக்கக் கூடாதுன்னு அவன் தட்டையும் நானே தின்னேன். ருசியே இல்லீங்க. இன்னொரு தட்டுச் சொல்லிப் பாத்தேன், அதுலயும் இல்லை.

மறுநாள் விடிஞ்சும் விடியாம வாசல்ல வந்து நிக்கறான், கையில ஒரு பை கம்பு. "ரெண்டு பேருக்கு எவ்வளவு ஊறப் போடணும் மாமா?"ன்னு கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு எங்கூடப் பொறந்தவனாட்டம் ஆயிட்டான் சார்.

ஆனா இப்பக் கெடந்து அவஸ்தைப்படறது நானு. அவன் ஆளே மாறிட்டானுங்க. அளந்து தின்னு, அளந்து நடக்கறான். வண்டியை நிறுத்துனா என்னையும் எறக்கி அதைச் சுத்தி நடக்க விடறான். மெலிஞ்சு கம்பியாட்டம் ஆயிட்டான். அவனுக்குச் சுகர் எறங்கிருச்சு, சந்தோசம். என் டீக்கு நாட்டுச் சர்க்கரைகூடப் போட விட மாட்டேங்கறான். சமோசாவைப் பாத்தாலே கையைப் புடிச்சுக்கறான். அக்காகிட்டப் போன் போட்டுச் சொல்லிக் கொடுக்கறான். நல்ல சாப்பாடுதான், நான் வேண்டாங்கலை. அதுக்குன்னு இப்படிப் பைத்தியமா ஆகலாமுங்களா? மத்தவனைப் போட்டுப் படுத்தலாமுங்களா? சொல்லுங்க. இதுதான் எனக்குப் புடிக்கறதில்லை.

அதோ, அந்தப் புளிய மரத்தடியில தள்ளுவண்டி தெரியுது பாருங்க. மொளகா பஜ்ஜி போடுவாரு. இப்பத்தான் எண்ணெய் காஞ்சிருக்கும். அவன் இல்லாத நாளு எனக்கு எப்பவாச்சும்தான் வருது, நிறுத்தறேன், எறங்குங்க. அட, பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆகாது. நின்னுக்கிட்டே தின்னா ஒடம்புல சேராதுங்க. நான் சொல்றது பூராவும் அனுபவம்.